விலக்கு வேறு, குடியுரிமை வேறு: வேலூர் முகாம்களும் வனவாசத்தின் கெடுவும்

2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட ஓர் ஆணையில் இலங்கைத் தமிழர் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வரி ஊருக்கு ஊர் வெவ்வேறு பொருளில் வாசிக்கப்பட்டது. குடியுரிமை வந்துவிட்டது என்று சிலர் மகிழ்ந்தார்கள். திருப்பி அனுப்பத்தான் இந்த ஏற்பாடு என்று சிலர் பயந்தார்கள். இரண்டும் சரியில்லை. வேலூரை அடுத்த மேல்மொணவூரிலும் ஆம்பூரை அடுத்த மின்னூரிலும் முகாம் அட்டையோடு வாழும் குடும்பங்களுக்கு அந்த வரி எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஆணையில் உள்ளது

வெளிநாட்டினர் சட்டம் (1946), வெளிநாட்டினர் பதிவுச் சட்டம் (1939), கடவுச்சீட்டு நுழைவுச் சட்டம் (1920) உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் நாட்டுக்குள் வருவதும் தங்குவதும் இச்சட்டப்படி குற்றம். யார் யாருக்கு அந்த நிபந்தனை பொருந்தாது என்று தனியாக ஒரு விலக்கு ஆணை வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

இதன் பொருள் இவ்வளவுதான்: தாளில்லாமல் வந்தார், தாளில்லாமல் தங்கினார் என்பதற்காக அவர்மீது வழக்கு வராது. அவர் இன்னும் வெளிநாட்டவர்தான். வாக்குரிமை இல்லை, இந்தியக் கடவுச்சீட்டு இல்லை.

ஆணைக்குள் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று தேதி, மற்றொன்று பதிவு. 2022இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது படகேறி தனுஷ்கோடி வந்தவர்கள் தேதி வாசலைத் தாண்டவில்லை. 1990இலேயே வந்து, உறவினர் வீட்டில் தங்கிக் காவல் நிலையத்தில் பதியாமலே இருந்துவிட்டவர் பதிவு வாசலில் நிற்கிறார்.

குழப்பும் நான்கு சொற்கள்

அகதி: பேச்சு வழக்கில் உள்ள சொல், ஆனால் இந்தியச் சட்டத்தில் இதற்கு இடமில்லை. 1951ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே அகதி என்ற தகுதியால் கிடைக்கும் உரிமை எதுவும் இங்கே இல்லை. கிடைப்பது அரசின் பரிவு. 2021இல் தமிழக அரசு 317.40 கோடி ரூபாயில் அறிவித்த திட்டமும், முகாம்களில் 7,469 புது வீடுகளும், குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகையும், 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியதும் அந்தப் பரிவின் நல்ல வடிவங்கள். அந்த வீட்டுத் திட்டத்தை 2021 நவம்பரில் முதல்வர் தொடங்கி வைத்ததே மேல்மொணவூரில்தான். ஆனால் பரிவுக்கு நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது, உரிமைக்குத்தான் போட முடியும்.

சட்டவிரோதக் குடியேறி: இது சட்டத்தில் உள்ள சொல். செல்லத்தக்க பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தவரும், அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவரும் இதில் அடங்குவர். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் இதைக் குடியுரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து இரவில் படகேறியவருக்கும் இதே பெயர். அவரை இராமேசுவரம் அருகே மண்டபம் முகாமில் இறக்கிப் பெயர் எழுதி, வேலூருக்கு அனுப்பி, அட்டை கொடுத்து, அரிசியும் கொடுத்தது அரசு. ஆனாலும் நுழைந்த கணத்தில் கையில் தாள் இருந்ததா என்பது மட்டுமே இங்கே கேள்வி.

தாயகம் திரும்பியோர்: 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத்தின் (இலங்கை மலைநாட்டின்) இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அப்படி இந்தியக் கடவுச்சீட்டோடு கப்பலேறி வந்தவர் இந்தியக் குடிமகன். 1984இல் தலைமன்னார் – இராமேசுவரம் கப்பல் நின்றது. அதன்பின் கலவரத்துக்குப் பயந்து படகில் வந்த அவருடைய சொந்தத் தம்பி 'சட்டவிரோதக் குடியேறி'. ஒரே லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) பிறந்த இருவருக்கு இரண்டு தகுதிகள்.

நாடற்றவர்: எந்த நாடும் தன் குடிமகன் என்று ஏற்காதவர். முகாமில் பிறந்து, இந்தியக் குடியுரிமையும் இல்லாமல், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பும் பதியாத பிள்ளைகள் நடைமுறையில் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

கோட்டை கண்ட நாடுகடத்தல்கள்

இந்தச் சிக்கல் வேலூருக்குப் புதிதல்ல. அரசுகள் விழும்போதெல்லாம் அதில் சிக்கியவர்களைக் கொண்டுவந்து வைத்த இடம் இது. 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் இறந்தபின் அவர் குடும்பம் இந்தக் கோட்டைக்குத்தான் வந்தது. 1806 ஜூலை 10 எழுச்சியில் சிப்பாய்கள் மைசூர்ப் புலிக்கொடியை ஏற்றினார்கள் என்பதற்காகத் திப்புவின் மகன்கள் மறுபடி இடம்பெயர்க்கப்பட்டுக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது கண்டி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரின் கதை. 1815 பிப்ரவரியில் பிடிபட்டவர், 1816 ஜனவரியில் கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டு, சென்னை வழியாக வேலூர் வந்தார். 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்துமண்டபத்தில் அவர் கல்லறையைப் பார்ப்பவர்கள் ஒரு மன்னருக்கு நேர்ந்த கதி என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். 1815 மார்ச் 2 கண்டி ஒப்பந்தத்தைப் படித்தால் அது ஒருவரோடு நின்ற தண்டனை இல்லை என்று தெரியும். மூன்றாம் விதி மன்னரின் ஆண் உறவினர் அனைவரையும் கண்டிய நாட்டின் பகைவர் என்று அறிவித்தது, எழுத்து அனுமதி இல்லாமல் அங்கே நுழையத் தடை போட்டது. அதோடு 'மலபார்' என்று குறித்து, வெளியேற்றப்பட்ட ஆண்கள் எவரும் அதே அனுமதி இல்லாமல் திரும்பக் கூடாது என்றும் எழுதியது. அன்றைய ஆங்கில ஆவணங்களில் 'மலபார்' என்றால் தமிழர். பிறப்பைக் காரணமாக்கி நாடு திரும்பும் உரிமையைப் பறித்த எழுத்து அது. இதில் கெடு எதுவும் இல்லை, முறையிட ஒரு மன்றமும் இல்லை.

மன்னர் பிடிபட்ட 1815 போருக்குப் பின் இங்கிலாந்துக்குப் போன கண்டிச் சிம்மாசனம் 1934இல் இலங்கைக்குத் திரும்பியது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கலைப்பொருளைத் திருப்பித் தர ஒரு வழி இருந்தது. அதில் அமர்ந்தவரின் எலும்புகள் பாலாற்றங்கரையிலேயே இருக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டிலும் கோட்டை அந்த வேலையை விடவில்லை. திப்பு மகாலில் இலங்கைத் தமிழருக்கான 'சிறப்பு முகாம்' இயங்கியது. 1995 ஆகஸ்டில் 43 பேர் அங்கிருந்து சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். சிறப்பு முகாம் என்பது தண்டனைச் சிறை இல்லை. வெளிநாட்டவர் இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஆணையிடும் அதிகாரத்தைக் கொண்டு நடத்தப்படுவது. தண்டனை என்றால் இத்தனை ஆண்டு என்று நீதிமன்றம் சொல்லும். இங்கே அப்படி எண்ணிச் சொல்ல யாரும் இல்லை.

கூத்து கேட்கும் இரண்டு கேள்விகள்

வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊர்களில் பாரதம் வைத்தால் பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பத்து நாளிலிருந்து இருபது நாளுக்கு மேலும் நடக்கும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். மத்தளம், டோலக், முகவீணை, ஆர்மோனியம், தாளம். விடிய விடிய ஆட்டம். இதெல்லாம் இந்த வட்டாரத்தார்க்குத் தெரிந்ததே. ஆனால் இந்தக் கூத்து வரிசையின் நடுவே ஒரு சட்ட விவாதம் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

துகிலுரிதல் இரவில் பாஞ்சாலி சபையில் கேட்பது கருணை இல்லை. 'தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைத்தாரா, அதற்கு முன்பா?' என்று வரிசையைக் கேட்கிறாள். தன்னை முதலில் தோற்றவன் அடிமை. அடிமைக்கு மற்றொருவரைப் பணயம் வைக்கும் உரிமை இல்லை. எது முன், எது பின் என்பதில்தான் அவள் தகுதி நிற்கிறது. பீஷ்மர் நழுவுகிறார். கௌரவரில் விகர்ணன் ஒருவன்தான் அவளுக்காகப் பேசுகிறான். முகாம் குடும்பங்களின் வழக்குகள் எல்லாமே இந்த வரிசைக் கேள்விகள்தான்: பிறந்தது 1987 ஜூலை 1க்கு முன்பா, பின்பா? வந்தது 2015 ஜனவரி 9க்கு முன்பா, பின்பா?

இரண்டாம் சூதில் விழும் தண்டனைக்கும் கெடு உண்டு. 12 ஆண்டு வனவாசம், ஓராண்டு அஞ்ஞாதவாசம். அந்த ஓராண்டில் அடையாளம் தெரிந்தால் மறுபடியும் வனவாசம். கொடுமையான நிபந்தனைதான். ஆனாலும் நாள் எண்ணலாம், முடிந்ததும் 'எங்கள் பங்கைக் கொடு' என்று தூது அனுப்பலாம். கிருஷ்ணன் தூது என்ற கூத்தே அந்தக் கெடு முடிந்ததால்தான் பிறக்கிறது.

குடியுரிமைச் சட்டத்திலும் இதே போன்ற எண்ணிக்கை இருக்கிறது. பிரிவு 6இன்படி வெளிநாட்டவர் ஒருவர் விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து இங்கே இருக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 ஆண்டில் மொத்தம் 11 ஆண்டு இருந்திருக்க வேண்டும். ஆக 12 ஆண்டு. 1990இல் வந்தவர் 35 ஆண்டு கடந்துவிட்டார். ஆனாலும் சட்டவிரோதக் குடியேறி என்ற பெயர் இருக்கும்வரை அவருடைய முதல் நாள்கூட எண்ணப்படுவதில்லை. பாண்டவர்க்குக் காட்டில் ஒவ்வொரு நாளும் கணக்கில் வந்தது.

மலையேறிப் போன தபசு மரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட ஆற்காடு, சேலம், திருச்சி, மதுரை மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போனபோது கூத்தும் கூடவே போனது. மலையகத்தின் பெயர்பெற்ற மூன்று கூத்துகள் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. கடைசியில் உள்ளது இங்கே பாரதத்தில் பனைமரத் தபசுக் கம்பத்தில் நடக்கும் அதே தபசு. வனவாசத்தின் நடுவில் பாசுபதம் வேண்டி அருச்சுனன் கம்பம் ஏறிப் பாடுவான், மேலிருந்து எலுமிச்சையும் விபூதியும் விழும், கீழே பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் காத்திருப்பார்கள். நாடுவிட்டு வந்தவன் நீதிக்கான ஆயுதத்தைத் தவம் செய்து பெறும் காட்சியைத் தோட்டத் தொழிலாளர் தங்கள் கூத்தாகக் காப்பாற்றி வைத்ததில் வியப்பில்லை.

இந்தக் கூத்து ஒரு சான்று. ஆனால் சட்டம் ஏற்கும் சான்று இல்லை. குடியுரிமைச் சட்டம் 'இந்திய வம்சாவளி' என்று ஒருவரை ஏற்க, அவரோ அவர் பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தாத்தாவும் பாட்டியும் கணக்கில் இல்லை. மலையகத்தில் மூன்று தலைமுறை பிறந்துவிட்ட குடும்பத்தில் இந்த நூல் அறுந்துவிடுகிறது. தாத்தா வட ஆற்காட்டார் என்பது ஊரறிந்த உண்மையானாலும் பேரனின் விண்ணப்பம் இந்த வழியில் நிற்காது.

இன்றைய கலைஞர்க்கு வரும் இடைஞ்சல் இன்னும் நேரடியானது. முகாமில் வருகைச் சரிபார்ப்பு நாளில் நேரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உதவித்தொகை தடைபடும், பதிவே கேள்விக்குள்ளாகும். வெளியூரில் இருபது நாள் பாரதம் என்றால், ஆடுவதா அட்டையைக் காப்பதா என்ற நிலை வருகிறது. வெளிநாட்டு மேடைக்கு அழைப்பு வந்தாலும் போய் வரக் கடவுச்சீட்டு இல்லை.

எந்தத் தேதி யாருக்கு

1. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்: பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன் (குடியுரிமைச் சட்டம், பிரிவு 3). தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விதிவிலக்குகள் முகாமுக்குப் பொருந்தா. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்த முதல் அலையின் பிள்ளைகளுக்கு இந்த நான்காண்டுச் சன்னல் உண்டு. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது, 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர் பிறப்பாலேயே குடிமகள் என்று சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியில் வாக்களித்தார். அவருக்கு யாரும் புதிதாகக் குடியுரிமை தரவில்லை. இருந்ததை நீதிமன்றம் எடுத்துச் சொன்னது, அவ்வளவுதான்.

2. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்: பிறந்த நாளில் தாய், தந்தை இருவரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். முகாம் ஆண் உள்ளூர்ப் பெண்ணை மணந்த குடும்பங்கள் இதில் வரும். பலரும் தவறவிடும் சங்கிலி ஒன்றும் உண்டு: 1984இல் முகாமில் பிறந்த தாய் முதல் வகைப்படி குடிமகள் என்றால், 2003இல் அவருக்குப் பிறந்த பிள்ளையும் குடிமகன்.

3. 2004 டிசம்பர் 3 அன்றும் அதன் பின்னும் பிறந்தவர்: பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. தாய் குடியாத்தத்துக்காரர், தந்தை 1990இல் படகில் வந்தவர் என்றால் பிள்ளை குடிமகன் ஆகாது. ஒரே பெற்றோரின் 2002ஆம் ஆண்டு மகள் குடிமகள், 2006ஆம் ஆண்டு மகன் வெளிநாட்டவர் என்ற நிலை இங்கேதான் வருகிறது.

4. இலங்கையில் பிறந்து வந்தவர்: வம்சாவளி, இந்தியரை மணந்தவர் என்ற இரு வகைக்கும் பிரிவு 5இல் 7 ஆண்டு வசிப்பு, மற்றவர்க்குப் பிரிவு 6இல் 12 ஆண்டு. இரண்டு கதவிலும் 'சட்டவிரோதக் குடியேறி அல்லாதவர்' என்ற பூட்டு. 2019 திருத்தச் சட்டம் இந்தப் பூட்டைப் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தாருக்குத் திறந்தது, 11 ஆண்டையும் 5 ஆகக் குறைத்தது. இலங்கை அதில் இல்லை. 2025 விலக்கு ஆணையின் 2015 ஜனவரி 9ஐயும் இந்த 2014 டிசம்பர் 31ஐயும் ஒன்றாக்கிப் பார்ப்பதுதான் இப்போதைய குழப்பத்துக்கு முதல் காரணம். முன்னது வழக்கிலிருந்து காப்பாற்றுகிறது, பின்னது குடியுரிமைக்குக் கதவு திறக்கிறது. மலையக வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் மதுரைக் கிளை தந்த தீர்ப்பும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னதே தவிர குடியுரிமை வழங்கச் சொல்லவில்லை.

ஒரு நாட்டில் போரும், அடுத்த நாட்டில் சட்டத் திருத்தமும் நடந்ததன் விளைவு இந்தத் தேதிகள். அக்காவையும் தம்பியையும் வேறு வேறு நாட்டவர் ஆக்கும் ஒரு பிரிப்பை நியாயம் என்று ஏற்க முடியாது. நாடாளுமன்றம் ஒரு வரி சேர்த்தால் பூட்டு திறக்கும். அதுவரை இருக்கும் வழிகளைத் தவறில்லாமல் பயன்படுத்துவதே குடும்பங்களின் கையில் உள்ளது.

தவறும் இடங்கள்

முதல் வகையில் வரும் ஒருவர் பிரிவு 5, 6இன்கீழ் விண்ணப்பிப்பது பெரிய தவறு. அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டால் 'நான் வெளிநாட்டவர்' என்று அவரே எழுதிக் கொடுத்ததாகும். அவர் கேட்க வேண்டியது கடவுச்சீட்டும் வாக்காளர் பதிவும்தான். மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்க வேண்டும். வாய்மொழி மறுப்பை வைத்து ரிட் மனு போடுவது கடினம்.

பிறப்புச் சான்று இல்லாததே பெரும்பாலும் முதல் முட்டுக்கட்டை. 1980களில் முகாமில் நடந்த பிரசவங்கள் எல்லாம் பதிவாகவில்லை. ஓராண்டுக்கு மேல் தாமதமான பிறப்பைப் பதிய 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பிரிவு 13(3)இல் வழி உண்டு. கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் ஆணை வேண்டும். அரசு மருத்துவமனைப் பிரசவப் பதிவேடு, தடுப்பூசி அட்டை, முகாம் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் சேர்த்த பக்கத்தின் நகல், முதல் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் ஆகியவை இதற்கு உதவும். முகாம் பதிவேட்டில் பெயர் சேர்த்த தேதி பல சமயம் பிறந்த தேதிக்கு மாதக்கணக்கில் பிந்தியிருக்கும். பிறப்பு 1987 மே, பெயர் சேர்த்தது 1987 ஆகஸ்ட் என்றால், பின்னதைப் பிறந்த தேதியாக எடுத்துக்கொண்ட ஒரு சான்றிதழ் முழு உரிமையையும் தின்றுவிடும்.

பெயர் அடுத்த சிக்கல். இலங்கை ஆவணத்தில் தந்தை பெயர் முழுதாக இருக்கும், இங்கே முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். 'லிங்கம்' பள்ளிச் சான்றில் 'இலிங்கம்' ஆகியிருக்கும். குடிமகனா என்ற கேள்வியில் நிரூபிக்கும் பொறுப்பு அரசிடம் இல்லை, அந்த நபரிடமே இருக்கிறது. ஆகவே எல்லாத் தாளிலும் உள்ள பெயர் ஒருவரையே குறிக்கிறது என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது.

எந்த ஆட்சியர் என்பதிலும் பிழை நேரும். குடியுரிமை விண்ணப்பம் இணையத்தில் பதிந்து, ஆட்சியர் விசாரித்து, மாநில உள்துறை வழியாக ஒன்றிய உள்துறைக்குப் போகும். 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தபின் மின்னூர்க்காரர்களுக்கு உரியவர் திருப்பத்தூர் ஆட்சியர். மேல்மொணவூருக்கு வேலூர் ஆட்சியரே. பிரிவினைக்கு முன் கொடுத்த மனு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, கோப்பு எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணை அடுத்த மனுவின் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.